வெடிமருந்துக்குப் போன காசு யாருடைய மடியிலிருந்து போனது?

மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கூடிப் படிப்பதற்கான கட்டுரை

வரவு-செலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் வாசிக்கப்படும் நாளில் எமது கிராமங்களில் அதைக் காதுகொடுத்துக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே. உரமானியம் என்ன ஆயிற்று, டீசல் ஏறுமா, நெல்லுக்கு உத்தரவாத விலை உண்டா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அடுப்படியில் நிற்கும் பெண்கள் மா, சீனி, மண்ணெண்ணெய் விலையை மட்டும் விசாரிப்பார்கள். மிகுதியெல்லாம் கொழும்பிலுள்ள படித்தவர்களின் கணக்கு என்பதே எம்மிற் பலரது எண்ணம்.

ஆனால் அந்தக் கணக்கை நாள்தோறும் போடுகிறவர்கள் எமது தாய்மாரே. போகம் முடிந்து நெல் வீட்டுக்கு வந்ததும் விதைநெல்லுக்கு எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு, பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் எவ்வளவு என்று மனதுக்குள் பிரித்து வைக்கிறார்கள். குடும்பத் தலைவர் அந்த நெல்லில் பாதியை விற்று வேலிக்குக் கொங்கிறீற்றுத் தூண் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வேலி பலமாகிவிடும். ஆனால் பிள்ளையின் பசி குறையப் போவதில்லை. கிழவியின் இருமலும் நிற்கப் போவதில்லை. தாய் தன் பங்கைக் குறைத்து உண்பாள். மருந்துக்குப் பதிலாகக் கொத்தமல்லி அவிப்பாள். மூத்த பெண்பிள்ளையை மறித்துச் சின்னவனைப் பார்க்கச் சொல்லுவாள். ஒரு செலவு வெட்டப்படும்போது அந்தத் தேவை வெட்டப்படுவதில்லை. காசு செய்யவேண்டிய வேலையை யாரோ ஒருவருடைய உடம்பு செய்யவேண்டி வருகிறது. அந்த உடம்பு யாருடையது என்பதே இக்கட்டுரையில் நாம் படிக்கவிருக்கும் விடயம்.

சாமுவேல் வாசித்த பட்டியல்

விவிலியத்தில் சாமுவேல் முதலாம் நூலின் எட்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எமது சங்கங்களிலுள்ள சைவ சகோதர சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். இஸ்ராயேல் மக்கள் இறைவாக்கினர் சாமுவேலிடம் வந்து, மற்ற நாட்டாரைப் போலத் தங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும், அவன் தமக்கு முன்னே போய்ப் போர் செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். சாமுவேல் மறுமொழியாக ஒரு பட்டியலையே வாசிக்கிறார். அரசன் உங்கள் ஆண்மக்களை எடுத்துத் தேர்ப்படையிலே சேர்ப்பான். சிலரைத் தன் நிலத்தை உழவும் ஆயுதம் செய்யவும் வைப்பான். உங்கள் பெண்மக்களை எடுத்துச் சமையற்காரிகளாகவும் அப்பம் சுடுகிறவர்களாகவும் தைலம் செய்கிறவர்களாகவும் ஆக்குவான். நல்ல வயல்களையும் தோட்டங்களையும் தன் அலுவலர்களுக்குக் கொடுப்பான். விளைச்சலிலே பத்தில் ஒன்று, மந்தையிலே பத்தில் ஒன்று என்று எடுப்பான்.

இதைவிடத் தெளிவான பாதுகாப்புச் செலவுக் கணக்கை நாம் வேறெங்கும் கண்டதில்லை. பிள்ளைகள், நிலம், விளைச்சல் எல்லாமே அதில் உண்டு. பெண்பிள்ளைகளுக்கென்று தனி வரியொன்றும் உண்டு: ஆண்பிள்ளை தேரிலே ஏறும்போது பெண்பிள்ளை பாசறை அடுப்புக்குப் போகிறாள். அரசன் வேண்டுமென்று கேட்கப் போனவர்கள் ஊரின் மூப்பர்கள். அந்தப் பெண்பிள்ளைகளிடம் எவரும் கேட்கவில்லை.

ஆயுள் கூடிய கதை

எமது நாட்டின் கதை துன்பத்தோடு தொடங்கவில்லை என்பதை இளையோர் அறிந்திருக்க வேண்டும். 1931ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் ஆண்களோடு பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. அதற்கு முன்னரே, 1926இல், களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமாகிக் கிராமத்துக்கு மருத்துவமாது வரும் வழக்கம் தொடங்கியிருந்தது. அரிசிப் பங்கீட்டு அட்டை வந்தது. அரச வைத்தியசாலையிலே காசில்லாமல் மருந்து எடுக்கலாம் என்ற நிலை வந்தது.

இவற்றால் பெண்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு இரண்டு, மூன்று கணக்குகள் போதும். 1946இல் இலங்கைப் பெண்ணின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 42 வருடம், ஆணினுடையது 44. பொதுவாகப் பெண்ணின் உடல் ஆணினுடையதைவிட நெடுங்காலம் தாங்கக்கூடியது. அப்படியிருக்க அவள் முன்னதாக இறந்தாள் என்றால் அதற்குக் காரணம் இயற்கையன்று. பிரசவமும் மலேரியாவும் மிச்சம் மீதி உண்கின்ற வழக்கமுமே காரணம். 1940களின் முற்பகுதியில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 1,500க்கும் அதிகமான தாய்மார் மரித்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 500 ஆயிற்று. அண்மைக் காலத்தில் 30 அளவில் நிற்கிறது. 1960களின் நடுப்பகுதிக்குப் பின்னர் பெண்ணின் ஆயுள் ஆணின் ஆயுளைத் தாண்டிற்று.

எழுத்தறிவும் அப்படியே. 1946இல் ஆண்களில் 70 வீதமானோர் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள். பெண்களில் 44 வீதம். 1981இல் ஆண்கள் 91, பெண்கள் 83. இருபத்தாறாக இருந்த இடைவெளி முப்பத்தைந்து வருடத்தில் எட்டாகக் குறைந்தது. பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்டவேண்டிய காலத்தில் தகப்பன் ஆண்பிள்ளைக்கு மட்டும் கட்டினான். காசு வேண்டாம் என்றதும் பெண்பிள்ளையும் போனாள். பெண்களுக்கென்று எவரும் தனியான திட்டம் போடவில்லை. எல்லோருக்கும் பொதுவாகச் செய்த செலவிலே அதிக நன்மை பெண்களுக்குக் கிடைத்தது. இதை நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

இந்த நன்மை எல்லோருக்கும் ஒரேயளவாகச் சேரவில்லை என்பதையும் சொல்லாமல் விடமுடியாது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தோட்டத்துப் பெண்கள் நெடுங்காலம் இதற்கு வெளியிலேயே நின்றார்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் ஆணுக்கும் சமசம்பளம் என்பதே 1984இல்தான் வந்தது.

அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது? தேயிலை, இறப்பர் வருமானம் ஒரு காரணம். படைக்குப் பெரிதாகச் செலவு செய்யாதது இன்னொரு காரணம். இலங்கைத் தரைப்படை 1949இல் அமைக்கப்பட்டபோது சிறியதாகவே இருந்தது. முதல் முப்பது வருடங்களில் பெரும்பாலும் பாதுகாப்புச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு வீதத்தையும் எட்டவில்லை.

திரும்பிய பாதை

மாற்றம் துப்பாக்கிச் சூட்டோடு தொடங்கியது என்று நினைப்பது சரியல்ல. 1979இல் அரிசிப் பங்கீடு நிறுத்தப்பட்டு உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே இருக்க, கடையில் விலை ஏறிக்கொண்டே போயிற்று. ஆகவே சமூகநலச் செலவு கரையத் தொடங்கிய பின்னரே 1983 வந்தது. அதன்பின் பாதுகாப்புச் செலவு ஆண்டுதோறும் ஏறி, 1990களின் நடுப்பகுதியில் நாட்டு உற்பத்தியில் 5 முதல் 6 வீதம் வரை போயிற்று. பொருட்களின் மீது பாதுகாப்புக்கென்றே ஒரு வரி போடப்பட்டு, 2002இல் பெறுமதி சேர் வரி வரும்வரை அறவிடப்பட்டது. அது வியாபாரியிடம் அறவிடப்பட்டாலும் விலையிலே ஏறி வந்து, பிள்ளைக்குப் பால்மா வாங்கிய தாயிடமே முடிந்தது.

இங்கே ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. அந்தச் செலவு உச்சத்திலே நின்ற 1990களின் நடுப்பகுதியில் இந்நாட்டின் ஜனாதிபதி ஒரு பெண். பிரதமரும் ஒரு பெண், அவருடைய தாயார். 1960இல் உலகின் முதலாவது பெண் பிரதமரைத் தந்த நாடு இது. பெண் ஒருவர் நாற்காலியில் அமர்ந்தால் கணக்கும் தானாகவே மாறும் என்று நம்புகின்ற நண்பர்களுக்கு இதை நினைவூட்டுகிறோம்.

‘கிபீர்’ என்ற சொல்லை எமது மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. பேசத் தொடங்கிய பிள்ளைகளும் அந்தச் சத்தத்தைப் பெயர் சொல்லி அறிந்திருந்தன. அந்த விமானங்கள் 1996இல் இஸ்ரேலிலிருந்து வந்தன. 2000ஆம் ஆண்டிலிருந்து உக்ரேனின் மிக் விமானங்களும் சேர்ந்தன. இவற்றை ரூபா கொடுத்து வாங்க முடியாது, டொலர் வேண்டும். அக்காலத்தில் இந்நாட்டுக்கு டொலர் கொண்டுவந்தவர் யார்? ஆடை ஏற்றுமதி முதலாவது வழி. சுதந்திர வர்த்தக வலயத்திலே தையல் இயந்திரத்தின் முன்னிருந்தவர்கள் கிராமத்து இளம் பெண்கள். தேயிலை இன்னொரு வழி. கொழுந்து பறித்தவர்கள் மலையகப் பெண்கள். மத்திய கிழக்கிலிருந்து வந்த பணம் மற்றொன்று. 1990களின் நடுப்பகுதியில் அங்கு போனவர்களிற் பெரும்பான்மையோர் தம் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வேறொருவர் பிள்ளையைப் பார்க்கப் போன பணிப்பெண்கள். நாடு வெளியிலே ஆயுதம் வாங்கக்கூடியதாக இருந்ததற்குச் சிங்கள, தமிழ், முஸ்லிம் பெண்களின் விரல்களே முக்கிய காரணம். எம் கூரையின் மேல் வந்த விமானத்தில் அவர்களுடைய உழைப்பும் ஏறி வந்தது. அவர்கள் அதை அறியவில்லை, அவர்களிடம் கேட்கப்படவுமில்லை.

முதலில் உழைத்துக் கொடுத்தார்கள். பின்னர், சேவை இல்லாமற்போன இடத்தை நிரப்ப மறுபடியும் கொடுத்தார்கள். பெண்கள் யுத்தத்துக்கு இரண்டு தரம் கட்டணம் செலுத்தினார்கள் என்று நாம் சொல்வது இதனாற்றான்.

எழுதப்படாத பக்கம்

இரண்டாவது கட்டணம் எந்த அரச அறிக்கையிலும் இல்லை. 1990 முதல் வடக்கின் மீது போடப்பட்ட பொருளாதாரத் தடையை எடுத்துக்கொள்வோம். எரிபொருள், உரம், சீமெந்து, பற்றரி தடைப்பட்டன, மருந்து மட்டுப்படுத்தப்பட்டது. இதனால் அரசின் கணக்கிலே ஒரு சதமும் செலவாகத் தெரியாது. ஆனால் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் நின்றபோது துலாவும் வாளியும் திரும்பி வந்தன. காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை என்றபோது விறகுக்குப் போனது யார்? நலன்புரி நிலையத்திலே தண்ணீர் பவுசருக்கு விடியற்காலை வரிசையில் நின்றது யார்? ஊர் வைத்தியசாலையில் டொக்டர் இல்லாதபோது நோயாளியின் பக்கத்தில் இரவு முழுவதும் விழித்திருந்தது யார்? மரத்தின் கீழ் பள்ளிக்கூடம் நடந்த காலத்தில் வகுப்பிலிருந்து முதலில் மறிக்கப்பட்ட பிள்ளை எது? பதிலை நாம் எழுதத் தேவையில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அரச வைத்தியசாலையில் ஒரு தாதி எட்டு மணித்தியாலம் நோயாளியைப் பார்த்தால் அது சம்பளம் உள்ள வேலை. நாட்டின் உற்பத்தியிலும் சேரும். அந்தத் தாதியின் பதவி வெற்றிடமாக விடப்பட்டு, அதே வேலையை ஒரு மகள் பாயிலே இருந்து செய்தால் கணக்கிலே ஒன்றுமில்லை. அமைச்சு “செலவைக் குறைத்துவிட்டோம்” என்று மகிழலாம். உண்மையில் செலவு குறையவில்லை. அமைச்சின் கொப்பியிலிருந்து அந்தப் பெண்ணின் முதுகுக்கு மாற்றப்பட்டது.

நீதியாகப் பேசுவதானால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். எமது பகுதிகளை ஆண்ட இயக்கமும் யுத்தத்துக்கு வரி எடுத்தது. 1990களின் தொடக்கத்தில் குடும்பத்துக்கு இரண்டு பவுண் தங்கம் கேட்கப்பட்டதை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். தேசவழமையின்படி சீதன நகை பெண்ணின் சொத்து. வீட்டில் ஆணுக்குக் காணி இருக்கலாம், மாடு இருக்கலாம். ஆனால் தங்கம் என்று கேட்டபோது கழன்றது அவளுடைய காப்பும் சங்கிலியும். பெண்கள் ஆயுதம் தாங்கி ஆண்களுக்குச் சமமாக நின்றார்கள் என்பதும் உண்மை. ஆனால் 2009க்குப் பின் திரும்பி வந்த அதே பெண்களை எமது சமூகம் எப்படி நடத்திற்று? எத்தனை வீடுகளில் கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது? களத்தில் கிடைத்த சமத்துவம் ஊர்ப் படலையைத் தாண்டி உள்ளே வரவில்லை.

தெற்கிலும் யுத்தத்தின் சுமையை ஏழைகளே சுமந்தார்கள். அநுராதபுரம், பொலன்னறுவை, மொனராகலைக் கிராமங்களில் வயல் கைவிட்டபோது மகன் படையிலே சேர்ந்தான்; அவனுடைய சம்பளத்தில் வீட்டுக்கு ஓடு போடப்பட்டது. அவன் இறந்தபின் ஓய்வூதியத்துக்கு நின்றவளும் ஒரு இளம் பெண்தான். படையைக் குறைக்கவேண்டும் என்று நாம் சொல்லும்போது அந்த வீட்டு அடுப்பையும் நினைத்தே சொல்லவேண்டும்.

யுத்தம் முடிந்த பின்னரும்

2009 மே மாதத்தோடு துப்பாக்கிகள் ஓய்ந்தன. நாட்டு உற்பத்தியின் பங்காகப் பார்த்தால் பாதுகாப்புச் செலவு பின்னர் 2 வீதம் அளவுக்கு இறங்கிற்று. ரூபாவாகப் பார்த்தால் அது இறங்கவில்லை. ஏனென்றால் செலவின் பெரும்பகுதி சம்பளமும் உணவும் ஓய்வூதியமும். ஆட்தொகை குறையாவிட்டால் செலவும் குறையாது.

2023ஆம் ஆண்டுக்கான ஒதுக்கீட்டைப் பாருங்கள். நாடு கடன் கட்டமுடியாமல் விழுந்ததற்கு அடுத்த வருடம் அது. பாதுகாப்பு அமைச்சுக்கு 41,000 கோடி ரூபா. பொலிசை உள்ளடக்கிய பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சுக்கு வேறாக 12,900 கோடி. சுகாதார அமைச்சுக்கு 32,200 கோடி. கல்வி அமைச்சுக்கு 23,200 கோடி. இதை மேடையில் சொல்பவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுவார்கள். மாகாணப் பாடசாலை ஆசிரியர்களின் சம்பளமும் மாகாண வைத்தியசாலைகளின் செலவும் வேறு தலைப்பின் கீழ் வருகின்றன. அவற்றையும் சேர்த்தால் இடைவெளி அத்தனை பெரிதாக இராது. கணக்கைக் கையில் எடுப்பவர்கள் நேர்மையாக எடுக்கவேண்டும்; இல்லாவிட்டால் ஒரு கேள்வியோடு எம்மை மடக்கிவிடுவார்கள். அப்படிச் சேர்த்துப் பார்த்தாலும், சண்டை இல்லாத நாடொன்று தாய்மார் உணவைக் குறைத்த வருடத்தில் இத்தனை பெரிய படையை வைத்திருந்தது என்பது மாறாது. 2023 ஜனவரியில் அரசே, தரைப்படையின் அனுமதிக்கப்பட்ட ஆட்தொகையை 200,783இலிருந்து 2024இல் 135,000 ஆகவும், 2030இல் 100,000 ஆகவும் குறைப்பதாக அறிவித்தது. குறைக்கப்படும் காசு எங்கே போகவேண்டும் என்பதை எவரும் எம்மிடம் வந்து கேட்கப் போவதில்லை. நாமே போய்ச் சொல்லவேண்டும்.

வன்னியில் இன்னொரு விசித்திரமும் நடந்தது. முன்பள்ளி ஆசிரியைகள் பலரும், பண்ணைகளில் வேலை செய்த பெண்கள் பலரும், யுத்தத்துக்குப் பின்னர் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அது பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ளது. கல்விப் பகுதியின் கீழ் அதே வேலையைச் செய்த ஆசிரியை பெற்ற கொடுப்பனவைவிட அங்கே பல மடங்கு அதிகம். கணவனை இழந்து மூன்று பிள்ளைகளோடு நிற்கும் பெண் எதைத் தெரிவுசெய்வாள்? அவளை நாம் ஒருபோதும் குறை சொல்லமாட்டோம். ஆனால் பாலர் பாட்டு சொல்லிக் கொடுப்பதற்கான காசு கல்வி அமைச்சிலே இல்லாமல் பாதுகாப்பு அமைச்சிலே இருப்பது எப்படி என்று கேட்கத்தான் வேண்டும். சாமுவேலின் பட்டியலில் பெண்மக்கள் பற்றிய வரியை மறுபடி வாசியுங்கள்.

கணக்கில் வராத மிகப் பெரிய செலவு நிலம். படை பிடித்த காணிக்கு வாடகை இல்லை. ஆதலால் செலவும் இல்லை என்பது அரசின் கணக்கு. பெண்ணின் கணக்கு வேறு. வளவிலே நின்ற முருங்கை, தென்னை, பத்துக் கோழி, இரண்டு ஆடு, கிணற்றடிக் கீரைப் பாத்தி ஆகியவையே அவளுடைய வங்கி. ஆண் கூலி வேலையை வேறு ஊரிலும் தேடலாம். அவளுடைய வருமானம் வளவோடு சேர்ந்தது; வளவு போனால் அதுவும் போயிற்று. கேப்பாப்பிலவில் பிலக்குடியிருப்பு மக்கள் 2017 பெப்ரவரி முழுவதும் வீதியோரம் இருந்தார்கள். முன்வரிசையில் குழந்தைகளோடு இருந்தவர்கள் பெண்கள். மார்ச் முதலாம் திகதி 42 ஏக்கர் விடப்பட்டது. 1992இல் இரணைதீவிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் 2017 மே தொடங்கி ஏறத்தாழ ஒரு வருடம் போராடி, 2018 ஏப்ரில் 23இல் தாமே படகேறிப் போய்த் தீவில் இறங்கினார்கள். அங்கும் முன்னின்றவர்கள் தாய்மாரே. பெண்கள் ஏன் முன்னுக்கு வந்தார்கள் என்று வெளியார் வியந்தார்கள். எமக்கு அதில் வியப்பில்லை. இழந்தது யாருடைய வங்கி என்பது எமக்குத் தெரியும்.

படை இல்லாத நாடொன்று

மத்திய அமெரிக்காவில் கொஸ்தாரிக்கா என்றொரு நாடு உண்டு. எம்மைப் போலக் கோப்பியும் வாழையும் விளைவிக்கும் கமக்காரரின் நாடு. எம்மைப் போலக் கத்தோலிக்கரும் அங்கு நிறைய. 1948இல் ஆறு வாரம் அளவில் நீடித்த உள்நாட்டுப் போரொன்று அங்கே நடந்தது. அதில் வென்ற ஹொசே ஃபிகெரெஸ், வெற்றிபெற்ற தலைவர்கள் வழமையாகச் செய்யாத ஒன்றைச் செய்தார். அந்த வருடம் டிசெம்பர் முதலாம் திகதி படையைக் கலைத்து, தலைநகரிலிருந்த படைமுகாமின் மதிலிலே தாமே சம்மட்டியால் அடித்தார். அந்த முகாம் தேசிய அரும்பொருட்காட்சியகம் ஆயிற்று. 1949இன் அரசியலமைப்பு நிலையான படையைத் தடைசெய்தது. அதே வருடம் பெண்களுக்கு வாக்குரிமையும் கிடைத்தது. மிச்சமான காசு பள்ளிக்கூடத்துக்கும் சுகாதாரத்துக்கும் போயிற்று. நாட்டு உற்பத்தியில் 8 வீதம் கல்விக்கு என்று 2011இல் அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். அந்த அளவை அவர்கள் எட்டவில்லை என்பது வேறு விடயம். 2018இல் அங்குத் தெரிவான 57 பாராளுமன்ற உறுப்பினரில் 26 பேர் பெண்கள்.

அது மோட்சமன்று. ஊதிய வேலைக்குப் போகும் பெண்களின் பங்கு அங்கும் ஆண்களைவிட மிகக் குறைவு. வீட்டுக்குள் அடியும் உதையும் அங்கும் உண்டு. துப்பாக்கிக்குச் செலவிடாத காசு தானாகவே பெண்ணின் கைக்கு வந்து சேராது என்பதற்கு அந்நாடே சாட்சி. சட்டம் போட்டு அதன் கையைப் பிடித்துக் கொண்டுவரவேண்டியிருந்தது. 1990ஆம் ஆண்டின் சட்டமொன்றினால், அரசு கொடுக்கும் வீடும் காணியும் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதியப்படவேண்டும் என்று அங்கு விதித்தார்கள்.

இங்கே காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்த நாளிலிருந்து, பின்னுரித்தாளர் பெயரிடப்படாத அரச காணியில் மகளுக்கு முன் மகனுக்கே உரிமை என்று இருந்தது. அது 2022இலேயே திருத்தப்பட்டது. எண்பத்தேழு வருடம்! ஒரு படைமுகாமைக் கட்டுவதற்கு இத்தனை காலம் எடுப்பதில்லை.

திருச்சபையின் போதனை இவ்விடயத்தில் மௌனமாக இருக்கவில்லை. பாப்பரசர் ஆறாம் பவுல் 1967இல் தம் சுற்றுமடலில், ஆயுதச் செலவின் ஒரு பகுதியை எடுத்து வறியவர்களுக்கான உலக நிதியம் ஒன்றை அமைக்கும்படி கேட்டார். பாப்பரசர் பிரான்சிஸ் 2020இல் அதையே மீண்டும் கேட்டார். 1995இல் பெய்ஜிங்கில் கூடிய உலகப் பெண்கள் மாநாடும் மிதமிஞ்சிய இராணுவச் செலவைக் குறைக்கவேண்டும் என்று தீர்மானித்தது. இலங்கை அரசும் அங்கே இருந்தது. உலகம் 2024இல் படைகளுக்குச் செலவிட்டது 2.7 இலட்சம் கோடி டொலர். இத்தனை பேர் சொல்லியும் தொகை ஏறிக்கொண்டே போகிறது என்றால், சொல்பவர்கள் மேலேயும் கணக்கு எழுதுபவர்கள் வேறெங்கேயும் இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஆகவே கீழேயுள்ள கணக்கிலிருந்து தொடங்குவோம்.

சங்கக் கூட்டத்தில் செய்வதற்கு

இதற்கு இரண்டு கூட்டம் வேண்டும். முதற் கூட்டத்தில் பெரிய தாளொன்றில் நேற்றைய நாளின் 24 மணித்தியாலங்களை எழுதுங்கள். ஒரு பக்கம் ஒரு பெண்ணின் நாள். மறுபக்கம் அதே வீட்டு ஆணின் நாள். ஆண்களும் இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும். சிரிப்பும் வாக்குவாதமும் வரும், வரட்டும். பின்னர் பெண்ணின் நாளில் தண்ணீர், விறகு, நோயாளி, சிறு பிள்ளை, பேருந்துக்குக் காத்திருந்த நேரம் ஆகியவற்றுக்குக் கீழே கோடிடுங்கள். குழாய்நீரும் கிராமத்து மருத்துவமாதுவும் முன்பள்ளியும் பஸ்ஸும் ஒழுங்காக இருந்தால் அதில் எத்தனை மணித்தியாலம் மிச்சப்படும்?

இரண்டாம் கூட்டத்துக்குப் பிரதேச சபையின் இவ்வருட வரவு-செலவுத் திட்டத்தைப் பெற்று வாருங்கள். தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 2018 தேர்தலிலிருந்து சபைகளில் நாலில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. உங்கள் வட்டாரத்துப் பெண் உறுப்பினரைக் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர் பேச எழும்போது சபையிலே மற்றவர்கள் கேட்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

பின்வருபவற்றைக் கலந்து பேசலாம். உங்கள் கிராமத்தில் படை அல்லது பொலிசு நிற்கும் காணியில் முன்பு என்ன விளைந்தது, அதை விற்றவர் யார், அந்தக் காசில் என்ன வாங்கப்பட்டது? பாடசாலையை இடையில் விட்ட பிள்ளைகளில் பெண்கள் எத்தனை பேர், எந்த வேலைக்காக மறிக்கப்பட்டார்கள்? 100,000 பேர் படையிலிருந்து குறைந்தால் அந்தச் சம்பளத்தில் உங்கள் மாவட்டத்துக்கு முதலில் எதைக் கேட்பீர்கள், தெற்கிலே வேலையிழந்து வரும் அந்த இளைஞனுக்கு என்ன கேட்பீர்கள்?

கடைசியாக ஒரு வேலை. உங்கள் கிராமத்தில் உள்ள அரச காணி அனுமதிப்பத்திரங்களில் எத்தனை பெண்ணின் பெயரில் இருக்கின்றன, எத்தனையில் மகள் பின்னுரித்தாளராக எழுதப்பட்டிருக்கிறாள் என்பதை வீடு வீடாகக் கேட்டு எழுதி, பிரதேச செயலகத்துப் பதிவோடு ஒப்பிட்டு, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.